வாட்ச்மேனுக்கு நான் எழுதிய கட்டளைகள்

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகள் முடிகிற இடத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த இன்டர்நெட் கடையில் நான் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்து கொஞ்சம் கழிந்த வருஷங்கள். வருகிறவர்களின் நேரத்தைக் குறித்துக்கொள்வது, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது, கல்ஃபில் இருக்கும் புருஷனுக்கு மெயில் அடிக்கத் தெரியாத பெண்களுக்கு அடித்துக் கொடுப்பது, இவைதான் வேலை. அந்தப் பெண்கள் சொல்லச் சொல்ல அடிக்கும்போது நான் முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். மழை பெய்தால் கனெக்ஷன் போகும். கனெக்ஷன் இருந்தால் கரண்ட் போகும். இரண்டும் இருக்கிற நேரத்தில் நான் சாட் அறையில் இருப்பேன்.

அது எங்கோ வெளிநாட்டில் ஓடிய ஒரு சர்வர். அதில் ஆளாளுக்கு ஓர் அறை திறந்து வைத்திருந்தார்கள். எங்கள் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கொச்சித் தமிழர்கள். எப்போதோ பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டுக்குள் ஒரு மாதிரித் தமிழ், படி இறங்கினால் மலையாளம். பாதிப் பேர் மஸ்கட், ஷார்ஜா, குவைத் என்று சிதறியிருந்தார்கள். தமிழ் எழுத்து வாசிக்க எங்களில் பலருக்குத் தடுமாற்றம் என்பதால் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம்.

அந்த அறையை நடத்தியவர் மஸ்கட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவர். அவர் அறையில் 'பாட்' ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார். பாட் என்றால் மனிதன் இல்லாத ஓர் ஆள். எப்போதும் அறையில் இருக்கும், யாராவது கட்டளை சொன்னால் பதில் சொல்லும். அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தார். நான் பொழுதுக்கும் அங்கேயே கிடந்ததால், புதிய கட்டளை சேர்க்கும் அதிகாரத்தை எனக்கும் கொடுத்தார்.

கட்டளை எழுதுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இந்த வார்த்தையைக் கேட்டால் இந்த வரியைச் சொல் என்று எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு குறி போட்டால் அது தானாகப் பெயரை நிரப்பிக்கொள்ளும். 'சாயா' என்று கேட்டால், இன்னாருக்கு ஒரு சாயா, கடிக்கத்தான் எதுவும் பாக்கி இல்லை என்று சொல்லும். 'பஸ்' என்று கேட்டால், இப்பத்தான் போச்சு என்று சொல்லும். 'மழை' என்று கேட்டால், எந்த மாதமாக இருந்தாலும் தோப்பும்படி ஜங்ஷனில் முழங்கால் தண்ணீர் என்று சொல்லும். பாலைவனத்தில் உட்கார்ந்து கொண்டு இதைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவள் நான்.

அந்த வருஷம்தான் அப்பாவின் தொண்டையை எடுத்தார்கள். பீடி. எறணாகுளத்தில் ஆபரேஷன் செய்து, கழுத்தில் ஓர் ஓட்டை வைத்து அனுப்பினார்கள். மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது, குரல் போய்விட்டது. அப்பா துடைப்பம் பிடித்து வேலைக்குச் சேர்ந்து, பிறகு துப்புரவு வேலைக்காரர்களுக்கு மேஸ்திரியாக ஆனவர். விடியற்காலையில் அவர் ஆள் கூப்பிட்டால் இரண்டு தெருவுக்கு அந்தப் பக்கம் பால்காரன் நின்று பார்ப்பான். அப்படிப்பட்ட மனுஷர் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு சுள்ளிக்கல் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து கிடந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எங்கள் உள்ளங்கையில் விரலால் மலையாளத்தில் எழுதுவார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் கையிலும் எழுதுவார், அவளும் புரிந்த மாதிரி தலையாட்டுவாள். அதைப் பார்க்க முடியாமல் நான் வேலைக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

ஒரு நாள் அவரையும் கடைக்கு அழைத்து வந்தேன். முதலாளி மதியம் வரை வரமாட்டார். மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார வைத்து அறையைத் திறந்து காட்டினேன். அவருக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும், பஸ் போர்டுகளிலிருந்து கற்றுக்கொண்டது. அதனால் எல்லாம் பெரிய எழுத்தாகவே விழும்படி வைத்தேன். சாட்டில் பெரிய எழுத்தில் அடித்தால் கத்துகிறார் என்று அர்த்தம். அங்கிள் ஏன் கத்துறாரு என்று ஷார்ஜாவிலிருந்து ஒருத்தன் கேட்டான். நான் அப்பாவுக்கு விளக்கினேன். அவர் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமே வராமல். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் ஒற்றை விரலால் தேடித் தேடி அவர் ஒரு வரி அடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போய்விடும். யாரோ உள்ளே வந்ததற்கு அவர் நலம் விசாரித்து முடிக்கும்போது அந்த ஆள் வெளியே போயிருப்பான். இரண்டு நாளில் அவர் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் அவருக்கென்று தனிக் கட்டளைகள் எழுதலாம் என்று தோன்றியது. ஒரு புள்ளியும் ஓர் எண்ணும் அடித்தால் போதும். வாட்ச்மேன் அப்பாவின் பெயரைச் சொல்லி முழு வரியையும் சொல்லிவிடும்.

எந்திரம் தன் பேரில் எதையாவது உளறிவிடும் என்று அவருக்குப் பயம். அது தானாக எதுவும் செய்யாதுப்பா, யாராவது சொன்னாத்தான் செய்யும் என்று நான் தைரியம் சொன்னேன். அப்புறம்தான் சம்மதித்தார்.

வரிகளைச் சேர்க்கும்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இருபத்து நான்கு வருஷம் கூடவே இருந்தும் அப்பா எங்களைத் திட்டியதுதான் எனக்கு அப்படியே நினைவிருந்தது. மற்றதெல்லாம் மங்கலாக இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் எண்ணுக்கு, சாயா குடிச்சாச்சா. இரண்டுக்கு, எந்தா, இன்னைக்கு டூட்டி இல்லியா. மூன்றுக்கு, உன் பேச்சைக் கேட்டு நடந்தா அக்கரை வைப்பினுக்குப் போறவன் வயநாட்டு மலையில நிப்பான். நான்காவதைச் சொல்ல அம்மா தயங்கினாள். நீ கெடந்துக்கோ, கதவை நான் பாத்துக்கறேன் என்று தினமும் விளக்கை அணைக்கும் முன் அப்பா சொல்வாராம். அதையெல்லாம் எழுத வேண்டாம் என்று அவளே சொன்னாள். அப்பா எழுதத்தான் வேண்டும் என்று விரலால் காட்டினார்.

அதுதான் அறையில் எல்லாருக்கும் பிடித்த வரியாகிவிட்டது. டூட்டி முடிந்து தூங்கப் போகிறவன் எவனாவது, அங்கிள், நாலாம் நம்பர் என்று கேட்பான். அப்பா புள்ளியும் நான்கும் அடிப்பார். கதவைத் தான் பார்த்துக்கொள்வதாக வாட்ச்மேன் சொல்லும். அப்பாவுக்குக் குரல் கிடையாது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் சட்டைக்குக் கஞ்சி போடச் சொல்லி அம்மாவை அவசரப்படுத்தினார். எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றார்.

என் அண்ணன் ஷார்ஜாவில் இருந்தான். அவனும் இந்த அறைக்கு வெள்ளிக்கிழமைகளில் வருவான். என்னோடு பேசுவான், அம்மாவை விசாரிப்பான், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டான்.

நடந்தது இதுதான். அண்ணன் படித்து முடித்து வீட்டில் இருந்தபோது, அப்பா யார் யாரையோ பார்த்து அவனுக்குத் தன் இலாகாவிலேயே ஒரு வேலைக்கு வழி செய்து வைத்தார். அப்பாவின் கூட்டாளிகள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, துடைப்பம் பிடிக்க நான் படிக்கலை என்று அண்ணன் சொல்லிவிட்டான். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. அந்தத் துடைப்பம்தான் உனக்குச் சோறு போட்டது, வெளியே போ, நான் கூப்பிடாமல் இந்த வாசலில் கால் வைக்காதே என்றார். அண்ணன் அன்றைக்கே போனான். எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை உண்டு. போ என்று சொன்ன வாய்தான் வா என்று சொல்ல வேண்டும். அம்மா கூப்பிட்டாலும் செல்லாது, பெரியவர்கள் பேசினாலும் செல்லாது. அப்பா கூப்பிடவில்லை, அண்ணன் வரவில்லை. பிறகு அந்த வாயையே டாக்டர் அடைத்துவிட்டார்.

அறையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருப்பார்கள். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியும். அண்ணன் உள்ளே வந்தால் அப்பா மற்றவர்களுக்கு மட்டும் எண்ணை அடிப்பார், அண்ணனின் பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. இனி வெட்டுவதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை அண்ணனை அறைக்கு வெளியே தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லி, உடனே புறப்படச் சொன்னேன்.

"போகச் சொன்ன ஆளு வரச் சொல்லட்டும்."

"ஒச்சையே இல்லண்ணா அவருக்கு, எப்படிச் சொல்லுவாரு?"

"விரல் உண்டல்லோ. உன் வாட்ச்மேன் சொல்லி நான் வரமாட்டேன். அவரு தன்னே அடிக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அப்பாவிடம் போய் நயமாகக் கேட்டேன். ஐந்தாவது கட்டளையாக வீட்டுக்கு வா என்று எழுதி வைக்கிறேன், நீங்கள் எண்ணை மட்டும் அடித்தால் போதும் என்றேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், தானே செய்வேன் என்று. சொந்தக் கையால் அடிப்பதற்கு அப்பாவுக்கும் வீம்பு, அண்ணனுக்கும் வீம்பு. இந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்களே என்று அம்மா சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் ஆட்டோ பிடித்து அவரைக் கடைக்குக் கொண்டுபோனோம். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்றார். கஞ்சி போட்ட சட்டை தோளில் தொங்கியது. அண்ணன் ஏற்கெனவே அறையில் இருந்தான். அப்பா வந்தாச்சு, அவரே அடிக்கிறார், பொறுமையா இரு என்று எழுதிவிட்டு நாற்காலியை அவருக்கு விட்டேன். அவர் விரல் எழுத்துகளுக்கு மேல் தட்டான் மாதிரி சுற்றி, ஒன்றில் இறங்கி, தப்பென்று தெரிந்து அழித்து, மறுபடி சுற்றியது. இடையில் கையை இறக்கி ஓய்வெடுத்தார். அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து, இருக்காரா என்று கேட்டான். கொஞ்சம் கழித்து மறுபடி, இருக்காரா இல்லியா என்று கேட்டான். அந்த நேரம் பார்த்து பிரிண்டரில் பேப்பர் சிக்கி ஒரு வாடிக்கையாளர் என்னைக் கூப்பிட்டார். எழுந்து போனேன்.

அறையில் ஒரு விதி இருந்தது. சும்மா வந்து உட்கார்ந்து இடத்தை அடைக்கிறார்கள் என்று மஸ்கட்காரர் வைத்த விதி. பத்து நிமிஷம் ஒருவர் ஒன்றும் பேசாமல் இருந்தால் வாட்ச்மேன் வெளியே தள்ளிவிடும். எங்கள் எல்லாரையும் எப்போதாவது தள்ளியிருக்கிறது. சிரித்துக்கொண்டே திரும்ப உள்ளே போவோம். அப்பாவை மட்டும் அது ஒரு நாளும் தொட்டதில்லை. என் கட்டளைகளை வைத்துக்கொண்டு அவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார் அல்லவா, அதனால் அப்படி ஒரு விதி அவருக்கும் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்குத்தான் அவர் கட்டளை இல்லாமல் பேச முயன்றார்.

நான் திரும்பி வந்தபோது திரையில், அண்ணனின் இருக்காரா இல்லியாவுக்குக் கீழே, பெரிய எழுத்தில் ஒரு வரி நின்றது. வாய் திறக்காதவனுக்கு இங்கே இடமில்லை, வெளியே போ.

அப்பா அதை ஒவ்வோர் எழுத்தாக வாசித்து முடித்திருந்தார். கைகளை மடியில் வைத்திருந்தார். நான் பதறிப்போய், அது மெஷின்பா, அண்ணன் இல்லை, அது எல்லாரையும் இப்படித்தான் செய்யும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு கேட்கிற ஆளைப் பார்க்கிற பார்வை. என் கையை இழுத்து எழுதினார். உள்ளே இருக்கிற ஆள் சொல்லாமல் எந்த வாட்ச்மேன் வெளியே தள்ளுவான் என்று எழுதினார். முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷர். வாட்ச்மேன்களை அவருக்குத் தெரியும். நான் வேறு, அது தானாக எதுவும் செய்யாது என்று வாயால் சொல்லி வைத்திருந்தேன்.

அவருக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை. வரவில்லை. சரிதான் என்பதுபோல் மேஜையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார். அன்று நான் சொன்னதை இன்று அவன் சொல்கிறான், கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருக்கிறார். மறுபடி உட்காருங்கப்பா என்று கெஞ்சினேன். படியைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கப் பார்த்தார். அம்மா ஓடிப்போய்ப் பிடித்தாள்.

அறை மூடியிருந்தாலும் அவர் அடித்திருந்தது கீழே கட்டத்தில் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வா என்பது முழுதாக இருந்தது. அதற்குப் பிறகு, மோ என்று ஒரு துண்டு. மோனே என்று சின்ன வயதில் அண்ணனைச் செல்லமாகக் கூப்பிடுவார். என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, எனக்கு அதில் பொறாமை உண்டு. வா என்றதோடு அனுப்பியிருந்தால் அது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ஒரு சொல்லையும் சேர்க்க வேண்டும் என்று அதற்கான எழுத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் உட்கார்ந்து அழுதேன். வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டத்தில் நின்ற எழுத்துகளை ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் அடித்தேன். நான் இட்டுக்கட்டுகிறேன் என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நான் தள்ளினேன்னா நினைச்சாரு?"

ஆமாம் என்றேன். வரேன் என்று எழுதிவிட்டுப் போனான்.

அவ்வளவு சுலபமாக வரமுடியவில்லை. பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். அண்ணன் அங்கே யார் யார் காலைப் பிடித்தானோ, மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் சுள்ளிக்கல் வந்து இறங்கினான். அப்பா படுக்கையோடு ஆகியிருந்தார். அந்த மூன்று வாரமும் நான் தினமும் சொன்னேன், அது மெஷின் என்று. அவர் சரி சரி என்று தலையை ஆட்டுவார். மஸ்கட்காரர்கூட வீட்டுக்குப் போன் போட்டு, நான்தான் அந்த விதியை வைத்தேன் அங்கிள் என்று அப்பாவின் காதில் சொன்னார். அண்ணனைக் காப்பாற்ற எல்லாரும் கூடிச் சொல்கிறார்கள் என்று அப்பா எடுத்துக்கொண்டார். அதற்காக எங்கள் மேல் சந்தோஷம்கூடப் பட்டார் என்று நினைக்கிறேன்.

அண்ணன் வாசலில் தயங்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அப்பா அவன் முகத்தைத் தடவிப் பார்த்தார். தாடி வைத்திருந்தான், அதைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள், அண்ணன் மட்டும் சத்தத்தோடு. பிறகு அண்ணன் சொன்னான்.

"அது நான் இல்லப்பா. நான் உங்களை வெளியே போன்னு சொல்லுவேனா?"

அப்பா அவன் கையை வாங்கி விரித்து மெதுவாக எழுதினார். போட்டே என்று எழுதினார். போகட்டும் விடு என்பதற்கு எங்கள் பக்கம் சொல்வது. நான் இல்லப்பா, சத்தியமா நான் இல்ல என்று அண்ணன் மறுபடி சொன்னான். அப்பா மறுபடி அதையே எழுதினார். பிள்ளை கூச்சப்படுகிறான், அதை இழுக்க வேண்டாம் என்பதுபோல அவன் விரல்களை மடக்கி மூடிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் போய்விட்டார். கடைசிவரை அண்ணன் கை அவர் பிடியில் இருந்தது. எல்லாரும் அதைச் சொல்லி ஆறுதல் பட்டார்கள், நானும் பட்டேன்.

அண்ணன் திரும்பி ஷார்ஜா போகவில்லை. இடப்பள்ளியில் ஒரு கடையில் சேர்ந்தான். எப்போதாவது, பேச்சுக்கு நடுவில், அப்பா நம்பியிருப்பாரா என்று என்னைக் கேட்பான். நம்பினார் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவன் தலையை ஆட்டுவான், அப்பா எனக்கு ஆட்டியது மாதிரியே. நான் சொல்வதை அவனும் நம்பவில்லை. துடைப்பத்தைப் பற்றிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் அவன் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அதைக் கேட்க இடம் வரவில்லை. அவன் செய்யாத ஒன்றுக்கு அப்பா அவனை மன்னித்துவிட்டுப் போய்விட்டார்.